எட்டாம் பகுதி இல்லாத கல்யாணம்

எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். அச்சகம் ஒன்றின் பக்க வடிவமைப்புப் பிரிவில் நெடுநாள் இருந்துவிட்டு, கண்ணும் முதுகும் ஒன்றுக்கொன்று குழிபறிக்கத் தொடங்கியதும் நானாகவே விலகிக்கொண்டேன். அறுபது ஆகவில்லை. ஓய்வு பெறும் வயதும் இல்லை, புதிதாக எதையும் தொடங்கும் வயதும் இல்லை. கேக் வெட்டிய பிறகு பக்கத்து மேசை வினோதினி கேட்டாள்.

“அங்கிள், சண்டை நேரம் வெள்ளவத்தையில என்ன வேலை செய்தனீங்கள்?”

“ரார் கோப்புகளை ஸிப் கோப்புகளாக்கினேன்.”

“அதென்ன வேலை? என்ர போன் தானாச் செய்யுதே!”

அவளுடைய போன் அதைச் செய்வது உண்மைதான். அது செய்யும்போது யாரும் பக்கத்தில் காத்திருப்பதில்லை. நான் செய்த காலத்தில் காத்திருப்பதுதான் வேலை. வேறு திறமை எதுவும் என்னிடம் இருந்ததாக நினைவில்லை. ஆனால் மற்றவர்களுக்காகக் காத்திருப்பதில், சொன்னால் பெருமை என்பார்கள், கொழும்பு ஆறு என்ற வெள்ளவத்தையில் என்னை மிஞ்ச ஆள் இருக்கவில்லை.

அதற்கு முன் நான் கொச்சிக்கடையில், துறைமுகத்திலிருந்து சாமான் விடுவித்துக் கொடுக்கும் கம்பனியில் கிளார்க். அங்கே கற்றது ஒன்றே ஒன்று: ஏற்றுவது எப்போதும் இறக்குவதைவிட மெதுவாக நடக்கும். கம்பனி மூடப்பட்டது. நான் கையில் ஒரு தடித்த நாவலோடு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே ஃபாரூக் ஹாஜியாரின் கொம்யூனிகேஷன் கடை இருந்தது. வெளிநாட்டு அழைப்பு, போட்டோப் பிரதி, இன்டர்நெட். பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. “தம்பி, மவுஸைப் புடிக்கத் தெரியுமா?” என்று கேட்டார். “ஓம்” என்றேன். அவ்வளவுதான்.

அந்தக் காலத்து வெள்ளவத்தை எனக்கு இப்போதும் ஒரு கனவைப்போலத்தான் வருகிறது. வடக்கே பாதை பூட்டியிருந்தது. கப்பலிலும் விமானத்திலும் வந்து சேர்ந்தவர்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை லொட்ஜ்களில் தங்கியிருந்தார்கள். எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள்: விசாவுக்கு, பொலிஸ் பதிவுக்கு, ஒரு தொலைபேசி மணிக்கு. பின்னேரம் கடற்காற்று உள்ளே வரும்போது கடையில் இருந்தவர்கள் எல்லோரும் தண்ணீருக்கு அடியில் இருப்பவர்கள்போல மெதுவாக அசைந்தார்கள். கடலோரத் தண்டவாளத்தில் ரயில் போனால் கணினித் திரைகள் நடுங்கும். திரையில் இருந்த, வெளிநாடு போன பிள்ளைகளின் முகங்களும் நடுங்கும். ரயில் போனதும் எல்லாம் பழையபடி அமரும்.

கோப்புப் பொதி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நிறையப் படங்களை ஒன்றாக நெருக்கி ஒரே பொதியாகக் கட்டி அனுப்புவார்கள். கட்டும் விதம் இரண்டு மூன்று இருந்தது. ரார் ஒருவித முடிச்சு, ஸிப் இன்னொரு முடிச்சு. ஸிப் முடிச்சை எந்தக் கணினியும் அவிழ்க்கும். ரார் முடிச்சை அவிழ்க்கத் தனியாக ஒரு மென்பொருள் வேண்டும். அதை உலகம் முழுவதும் வைத்திருந்தது. எங்கள் கடையில் மட்டும் இல்லை.

காரணம் ஹாஜியார். அந்த மென்பொருள் நாற்பது நாள் இலவசம் என்று சொல்லித்தான் வரும். நாற்பது நாள் முடிந்ததும் ‘தயவுசெய்து வாங்குங்கள்’ என்று ஒரு சின்னப் பெட்டி காட்டும். அந்தப் பெட்டியை மூடிவிட்டு உலகம் தொடர்ந்து பாவித்தது. நான் சேர்ந்த புதிதில் நானும் மூடினேன். பின்னால் நின்ற ஹாஜியார் அதைக் கண்டுவிட்டார்.

“அதென்ன தம்பி, அவன் ஏதோ கேக்கான், நீங்க மூஞ்சில கதவச் சாத்துறீங்க?”

“அது சும்மா ஹாஜியார். எல்லாரும் இப்படித்தான்.”

“நாப்பது நாள் பாவிங்கன்னு சொல்லீக்கான். நாப்பத்தோராம் நாள் தொறந்தா அது களவு. நம்மட கடைல ஹராம் வாணாம்.”

அன்றே எல்லா இயந்திரங்களிலிருந்தும் அது கழற்றப்பட்டது. அந்த மென்பொருளை எழுதியவர் எந்த நாட்டில் இருந்தாரோ தெரியாது. தன் வேண்டுகோளை உலகத்தில் ஒரேயொரு மனிதர் மதித்து நடந்தார் என்பதும், அவர் வெள்ளவத்தையில் பால் விடாத பிளேன்டீயோடு கதவருகே அமர்ந்திருந்தார் என்பதும் அவருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அதன் பிறகுதான் இணையத்தில் முடிச்சு மாற்றித் தரும் தளம் ஒன்றை நான் கண்டுபிடித்தேன். வெளிர்பச்சைப் பக்கம். நடுவில் ஒரு பெட்டி. ராரை அந்தப் பெட்டியில் போட்டால் அது எங்கோ ஒரு நாட்டுக்குப் போய், அவிழ்ந்து, ஸிப்பாகத் திரும்பி வரும். இலவசம் என்று எழுதியிருந்தார்கள். வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிடுவோம் என்றும் எழுதியிருந்தார்கள். ஹாஜியார் என்னைக் கொண்டு அதைத் தமிழில் இரண்டு தடவை வாசிக்க வைத்துக் கேட்டார்.

“எழுதியே வெச்சீக்கான். அப்ப சரி.”

பக்கத்துக் கடைகளில் அந்த மென்பொருள் இருந்தது, கண்மூடித் திறப்பதற்குள் அவிழ்த்துக் கொடுத்தார்கள். ஆனாலும் சனம் எங்களிடம்தான் வந்தது. அந்த வருடங்களில் தன் மகளின் படம் தெரியாத ஒருவனுடைய கணினியில் தங்கிவிடுவதை யாரும் விரும்பவில்லை. ஹாஜியார் வேலை முடிந்ததும் கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்யவைத்து, வாடிக்கையாளரை அழைத்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பொதியைத் தொடுமுன் “யார்ட சாமான்?” என்று கேட்கவேண்டும். யாருடையதோ அவரே வாயால் அனுமதி தரவேண்டும். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை அவரே அடிக்கவேண்டும். அவர் அடிக்கும்போது நானும் ஹாஜியாரும் திரும்பிச் சுவரைப் பார்க்கவேண்டும். திரையை ஓரக்கண்ணால் பார்க்காமல் இருந்தால் போதாதா என்று கேட்டேன். போதாது, முதுகு தெரியவேண்டும் என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு தாய் ஒற்றை விரலால் எழுத்துத் தேடிக்கொண்டிருப்பாள். வளர்ந்த இரண்டு ஆண்கள் தண்டனை பெற்ற மாணவர்கள்போலச் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அந்த நாட்காட்டிப் படத்தில் ஒரு நீர்வீழ்ச்சி இருந்தது. என் பணிக்காலத்தில் நான் மிக அதிகமாகப் பார்த்த காட்சி அதுதான்.

பிறகு நீலப் பட்டை வரும். வெற்றுப் பெட்டிக்குள் இடப்பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல ஊரும். வாடிக்கையாளர் அதைப் பார்ப்பார். நான் நாவலைப் பார்ப்பேன். சில பின்னேரங்களில் பட்டை ஊர்கிறதா, கடல் ஊர்கிறதா, நான் வாசிக்கும் நாவலில் பனி பெய்கிறதா என்று ஒன்றும் பிரித்தறிய முடியாதபடி எல்லாம் ஒரே நீலமாகிவிடும். யாரோ ஒருவருடைய பிறந்தநாள் வீட்டுப் படங்கள் அந்த நேரத்தில் இந்து சமுத்திரத்துக்கு மேலால் போய்க்கொண்டிருக்கும். திரும்பி வரும்வரைக்கும் அவை யாருக்கும் சொந்தமில்லை.

இப்படியான ஒரு பகற்பொழுதில்தான் கௌரி வந்தாள். பின்னால் அவளுடைய பெரியப்பா கந்தப்பிள்ளையர் வந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர். வெள்ளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பெரிய வட்ட மணிக்கூடு. கையில் ஒரு சீடியை, விபூதித் தட்டை ஏந்துவதுபோல இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

“அண்ணை, இதை ஸிப் ஆக்கித் தரவேணும்,” என்றாள் கௌரி. “நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்குள்ள ரொறன்ரோவுக்குப் போகாட்டி எல்லாம் முடிஞ்சுது.”

விஷயம் இதுதான். கௌரிக்கும் கனடாவில் இருக்கும் ரஞ்சனுக்கும் கொழும்பில் கோயிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. ரஞ்சன் லீவு முடிந்து போய்விட்டான். அவளைக் கூப்பிட மனுப் போட்டான். குடிவரவுக்காரருக்குச் சந்தேகம், இது விசாவுக்காக நடத்திய கல்யாணமோ என்று. சடங்கு முழுவதையும், தொடக்கம் முதல் முடிவுவரை, படங்களாக அனுப்பு என்று கேட்டிருந்தார்கள். கொடுத்த தவணை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. தவறினால் மனு தள்ளுபடி. மேன்முறையீடு என்று போனால் வருடக்கணக்கு. லொட்ஜில் தங்கியிருக்கும் ஒரு பெண்ணிடம் அந்த வருடங்கள் இல்லை. தங்கியிருப்பதற்குப் பொலிஸில் காட்டுவதற்கு அவளிடம் இருந்த ஒரே காரணமும் அந்த மனுதான்.

படங்களைக் கொட்டாஞ்சேனை ஸ்டூடியோக்காரர் ராராகக் கட்டி, மின்னஞ்சல் தாங்கும் அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டி, சீடியில் போட்டுக் கொடுத்திருந்தார். கௌரி துண்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பியும்விட்டாள். தங்களால் திறக்க முடியவில்லை, ஒரே ஸிப்பாகத் தங்கள் இணையத்தளத்தில் ஏற்று என்று, ரஞ்சன் ரொறன்ரோவில் பிடித்திருந்த வழக்கறிஞரின் கந்தோரிலிருந்து பதில் வந்திருந்தது.

“யாருடைய சாமான்?” என்று முறைப்படி கேட்டேன்.

“என்ர,” என்றாள் கௌரி.

“எங்கட,” என்றார் பெரியப்பா.

சீடியில் இருந்ததைக் கணினிக்கு எடுத்து, துண்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாக வெளிர்பச்சைப் பெட்டியில் போட்டேன். நீலப் பட்டை ஊர்ந்து முடிந்தது. பிறகு அந்தத் தளம் ஒரு கேள்வி கேட்டது: ஏழாம் பகுதிக்கு அடுத்த எட்டாம் பகுதி எங்கே? கிடைத்தவரைக்கும் கட்டித் தரட்டுமா?

பார்த்தேன். ஒன்று முதல் ஏழு வரை இருந்தது. அடுத்தது ஒன்பது. கடைசி பதின்மூன்று. எட்டு இல்லை.

கட்டித் தா என்றேன். வந்த ஸிப்பைத் திறந்தோம். பொன்னுருக்கு, மாப்பிள்ளை அழைப்பு, கூறை கொடுத்தல் என்று ஒவ்வொன்றாக வந்தன. கடைசிப் படம் பாதி. அந்தப் படம் ஏழாம் பகுதியின் விளிம்பில் நின்று வெட்டுப்பட்டிருந்தது. மேலே ரஞ்சனின் தலைப்பா, கௌரியின் குனிந்த நெற்றி, பின்னால் நின்றவர்களின் முகங்கள், ஓரத்தில் எதையோ குனிந்து பார்க்கும் பெரியப்பாவின் தலை. அதற்குக் கீழே சாம்பல். நிறம் ஏதுமில்லாத, பின்னேரத்துக் கடலைப் போன்ற சாம்பல். ரஞ்சனின் கைகள் அந்தச் சாம்பலுக்குள் இருந்தன. தாலியும் அதற்குள்தான் இருந்தது.

கௌரி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதை அனுப்பினால் நான் இன்னும் கட்டேல்லை எண்டுதானே நினைப்பினம், அண்ணை?”

ஹாஜியார் எழுந்து வந்தார். திரையைப் பார்க்கவில்லை. அது அடுத்தவர் வீட்டுப் பெண்பிள்ளையின் படம். என்னைப் பார்த்தார்.

“கொட்டாஞ்சேனைக்கு போன் அடிங்க.”

அடித்தேன். எடுக்கவில்லை. “அப்ப போயிட்டு வாங்க. நான் கடையப் பாக்குறேன்.” ஹாஜியார் தன் கடையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னது அது முதல் தடவை. நிலைமையின் பாரதூரம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சீடியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கோட்டைக்குக் கிட்ட எல்லோரையும் இறக்கி நிறுத்தினார்கள். இராணுவத்தில் சேர்ந்து அதிக நாள் ஆகாதவன்போல இருந்த ஒருவன் சீடியை வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

“மேக்க மொகத்த?” இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

“வெடிங் போட்டோ, மஹத்தயா.”

“ஒயாகெத?”

உன்னுடையதா என்று கேட்கிறான். இல்லை என்றேன், கொஞ்சம் வருத்தத்தோடு. எனக்கு அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் என் தலைமயிரைப் பார்த்தான், அடையாள அட்டையைப் பார்த்தான், ஏதோ இரங்கியவன்போலச் சீடியைத் திருப்பித் தந்தான். அதில் வானவில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

கொட்டாஞ்சேனையில் ஸ்டூடியோவின் கண்ணாடிக்குள் முதல்நன்மை எடுத்த கத்தோலிக்கப் பிள்ளைகள் படங்களில் வெள்ளை உடையோடு வரிசையாக நின்றார்கள். உரிமையாளர் அன்ரனி என்னைப் பார்த்ததும் பின்னணித் திரையை இறக்கத் தொடங்கினார். பாஸ்போர்ட் படம் இல்லை, பகுதி எட்டு வேண்டும் என்றேன்.

“எட்டா?” அன்ரனி சிரித்துவிட்டார். “அண்ணே, நம்ம கடையில சைவக் கல்யாணத்துக்கு எட்டே கெடையாதே! அல்பத்துல எட்டாம் பக்கம் வெறுமையா வுடுவம். படத்துக்கு நம்பர் போட்டா ஏழுக்கு அப்புறம் ஒம்பது. சனியன்ட நம்பராமே. வேதக்காரங்கன்னா பதிமூணு வராது. எல்லாம் கஸ்டமர் மனசு. அந்த பெரியவரு வேற பக்கத்துல நின்னு எட்டு வாணாம், எட்டு வாணாம்னு சொல்லிட்டே இருந்தாரு.”

“அப்ப எட்டாவது துண்டை எங்க போட்டீங்க?”

“எங்கயும் போடல. எட்டு ஒம்பதாயிருச்சு, ஒம்பது பத்தாயிருச்சு. எல்லாரும் ஒரு சீட்டு தள்ளி ஒக்காந்துட்டாங்க, பஸ்ல மாதிரி.”

“பேரை மாத்தினா பொதி அவிழாது, அன்ரனி.”

“அவிழாதா?” அவர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். “அதுக்கு எப்புடி தெரியும்?”

மூலப் படங்களைக் கேட்டேன். டிஸ்க் நிறைந்து இடமில்லாமல் போனதால் அழித்துவிட்டாராம். அல்பத்தைப் படம் பிடித்து அனுப்பலாமா என்றால், அல்பத்தோடு ரஞ்சன் கனடாவுக்குக் கொண்டுபோன பெட்டி வழியில் தொலைந்துபோயிருந்தது. ஆக, அந்தக் கல்யாணம் உலகத்தில் இருந்தது அந்தத் துண்டுகளில் மட்டும்; அவை இருந்த சீடி என் பைக்குள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கிரேன்கள் வெயிலில் உருகிக்கொண்டு நின்றன. அவையும் ஏதோ ஒரு எண்ணைத் தவிர்த்துத்தான் நிற்கின்றனவோ என்று யோசித்தேன். அந்த வெயில் அப்படி.

கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். தொலைந்தது எதுவுமில்லை, எல்லாத் துண்டும் இருக்கிறது, ஒன்பதை எட்டாக்கி, பத்தை ஒன்பதாக்கி, இப்படியே ஒவ்வொன்றாகப் பழைய இருக்கைக்குக் கொண்டுவந்தால் சரி என்றேன். கௌரிக்கு முகம் மலர்ந்தது. பெரியப்பா எழுந்துவிட்டார்.

“எட்டு வேண்டாம் தம்பி.”

“ஐயா, பேருக்குத்தான். கோப்பின்ர பேர்.”

“பேரிலதானே எல்லாம் இருக்கு. வேற வழி பாருங்கோ.”

“வேற வழி இல்லை ஐயா. எட்டு எண்டு இல்லாட்டி அது சேராது.”

“அப்ப சேரவேண்டாம்!”

கண்ணாடிக் கூண்டுக்குள் யாரோ லண்டனோடு கதைத்துக்கொண்டிருந்தவர்கூட ஒரு நிமிடம் நிறுத்தினார். ஹாஜியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். உரிமையாளர் சம்மதம் இல்லாமல் ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாது என்று அதற்குப் பொருள்.

“மூத்தவரே,” என்றார் ஹாஜியார், மிகவும் தாழ்ந்த குரலில். “ஏன் எட்டு வாணாம்னு கேக்கலாமா?”

கந்தப்பிள்ளையர் மணிக்கூட்டுப் பட்டியைத் திருகிக்கொண்டு நின்றார்.

“என்ர தம்பி, இவளின்ர தேப்பன், ஒரு எட்டாம் திகதிதான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனவன். திரும்பி வரேல்லை. சைக்கிளும் வரேல்லை. இவளுக்கு முதல் பேசி வந்த சம்பந்தம் ரெண்டும் எட்டிலதான் குழம்பினது. இந்த ஒண்டையாவது நான் எட்டுப் படாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பமெண்டு பாக்கிறன். உங்களுக்கெல்லாம் உது பகிடி.”

யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரும் என்று நானே எதிர்பார்த்திருந்தேன், வரவில்லை.

கௌரி திரையில் இருந்த பாதிப் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“அப்பா எட்டாலயே போனவர், பெரியப்பா? ரோட்டில துவக்கோட நிண்டவங்களாலதான் போனவர்.”

அவர் அவளைப் பார்த்தார்.

“எட்டாம் திகதி எத்தினை பேர் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவை. அவையை நீங்கள் எண்ணேல்லை,” என்றாள். பிறகு குரல் இளகியது. “பாருங்கோ, இதில எனக்குக் கழுத்தே இல்லை. நான் இப்பிடியே நிக்கிறதோ?”

பெரியப்பா படத்தைக் கிட்ட வந்து பார்த்தார். சாம்பல் தொடங்கும் கோட்டை விரலால் தொட்டார். திரை அழுக்காகும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

“நான் வெளியில நிக்கிறன்,” என்றார். “அதை மாத்தேக்க நான் பாக்கமாட்டன். முடிஞ்சாப் போலக் கூப்பிடுங்கோ.”

ஹாஜியார் முறையை விடவில்லை. “அப்ப இது யார்ட சாமான்?”

கந்தப்பிள்ளையர் வாசலில் நின்று திரும்பாமலே சொன்னார். “அவளின்ர.”

ஒன்பதை எட்டாக்கினேன். என் கை கொஞ்சம் நின்றுதான் போனது, ஒப்புக்கொள்கிறேன். நாவல்களில் படித்த பகுத்தறிவெல்லாம் அந்த ஒரு விசையை அழுத்தும்போது எங்கே போனதோ தெரியாது. பிறகு பத்து, பதினொன்று என்று எல்லோரும் அவரவர் இருக்கைக்கு வந்தார்கள். துண்டுகளைத் திரும்பவும் பெட்டியில் போட்டேன்.

அந்த நீலப் பட்டையை நான் இன்றைக்கும் சில வேளைகளில் கனவில் காண்கிறேன். ஊர்ந்தது. நின்றது. ரயில் ஒன்று போனது, நடுங்கியது. காற்று வந்தது. வெளியே பெரியப்பா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவருடைய வெள்ளைச் சட்டை காற்றில் ஒரு பாய்போல உப்பியிருந்தது. பட்டை மறுபடி ஊர்ந்தது. ஹாஜியார் எல்லோருக்கும் பிளேன்டீ வருவித்தார். பெரியப்பாவுக்கும் ஒன்றை வெளியே கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் தானும் நின்றார். நான் நாவலின் ஒரே பக்கத்தை எத்தனை தடவை வாசித்தேனோ, அதில் ஒருவன் ஸ்டேஷனில் இறங்கிக்கொண்டே இருந்தான், இறங்கி முடியவேயில்லை. கௌரி கண்களை மூடியிருந்தாள். அவள் பிரார்த்தித்தாளா, நித்திரை கொண்டாளா என்று கேட்கவில்லை. கல்யாணம் முழுவதும் அப்போது கடலுக்கு மேலே எங்கேயோ இருந்தது. நாதஸ்வரம், தலைப்பா, அம்மி எல்லாம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

வந்தது. ஒரேயொரு கோப்பு. திறந்தேன்.

சாம்பல் இருந்த இடத்தில் கைகள் இருந்தன. ரஞ்சன் தாலியைக் கட்டிக்கொண்டிருந்தான், பதற்றத்தில் நாக்கைக் கடித்தபடி. பெண்கள் அரிசியும் பூவும் எறிகிறார்கள். எல்லோருடைய கண்ணும் தாலியில். ஒருவரைத் தவிர. ஓரத்தில் நின்ற பெரியப்பா, பாதிப் படத்தில் எதையோ குனிந்து பார்த்தவர், இப்போது எதைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. இடக்கையை நெஞ்சுக்கு நேரே உயர்த்தி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகூர்த்தம் தப்பிவிடக்கூடாது என்று அதட்டுவதுபோல ஒரு முகம். கடன்காரரைப் பார்க்கிற முகம் என்றும் சொல்லலாம்.

கௌரி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வந்தார். படத்தைப் பார்க்கவில்லை, முதலில் கோப்பின் பெயரைத்தான் பார்த்தார்.

“இப்ப எத்தினை இருக்கு?”

“ஒண்டுதான் ஐயா. எல்லாம் சேர்ந்து ஒண்டாயிட்டுது.”

“ஒண்டெண்டால் சூரியன்ர எண்.” அவர் நெடுமூச்சு விட்டார். “அனுப்புங்கோ.”

கௌரி கடவுச்சொல்லை அடித்தாள். நாங்கள் திரும்பி நீர்வீழ்ச்சியைப் பார்த்தோம். இந்தத் தடவை பெரியப்பாவும் எங்களோடு சேர்ந்து சுவரைப் பார்த்தார். தபாலதிபர் அல்லவா, அடுத்தவர் கடிதத்தில் கண் வைக்காமல் இருக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவேண்டி இருக்கவில்லை.

மறுநாள் வழக்கறிஞரின் கந்தோரிலிருந்து ஒற்றை வரி வந்தது. திறந்தது, கொடுத்துவிட்டோம், நன்றி.

அதற்குப் பிறகு பெரிய அமைதி. மழைக்காலம் வந்து போனது. லொட்ஜில் சோதனைகள் நடந்தன. கௌரி மனுவின் பிரதியைக் காட்டிக் காட்டியே தங்கியிருந்தாள். ஒருநாள் தூதரகத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு இருவரும் நேரே கடைக்கு வந்தார்கள். அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

“அண்ணை, அந்த ஒஃபிசர் படங்களை எல்லாம் முன்னால பரப்பி வச்சிருந்தவர். ஒண்டுமே கேக்கேல்லை. தாலி கட்டுற படத்தை எடுத்து, இந்த வயசான ஆள் ஆரெண்டு கேட்டார். என்ர பெரியப்பா எண்டன். ஏன் இவர் மட்டும் தாலியைப் பாக்காமல் மணிக்கூட்டைப் பாக்கிறார் எண்டார். நல்ல நேரம் தவறிப்போகுமெண்டு பயம் எண்டன். அவர் சிரிச்சுப்போட்டு, விசாவுக்காகக் கல்யாணம் நடத்துறவை இப்பிடியொரு ஆளை ஒருக்காலும் பக்கத்தில நிப்பாட்டமாட்டினம் எண்டார். ஃபைலை மூடிப்போட்டார்.”

“விசா?”

“தாறமெண்டிட்டார்.”

ஹாஜியார் “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை, நாவலை எங்கோ கீழே போட்டிருந்தேன். கௌரி நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

கந்தப்பிள்ளையர் மட்டும் நிதானமாக இருந்தார். சட்டைக் கையை மேலே இழுத்து மணிக்கூட்டை ஒருதரம் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தார்.

“கவனிச்சீரே தம்பி? அவ்வளவு படத்துக்குள்ள அவர் என்ர மணிக்கூட்டைத்தான் பாத்திருக்கிறார். வெள்ளைக்காரனெண்டாலும் முகூர்த்தம் விளங்கின மனிசன்.”